ஜப்பானில் குடியேறுகிறீர்களா? நிலநடுக்கம் வருவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் வருகிறவர்களுக்கு வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று முதல் மாதம் ஓடிவிடும். நிலநடுக்கத்தைப் பற்றி யாரிடமாவது கேட்டால், "அது அடிக்கடி வரும், பழகிவிடும்" என்று சொல்வார்கள். சின்ன ஆட்டங்களுக்குப் பழகிவிடுகிறோம், சரி. ஆனால் உலகில் ரிக்டர் 6-க்கு மேல் வரும் நிலநடுக்கங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஜப்பானிலும் அதைச் சுற்றியும்தான் வருகிறது. டோக்கியோவை உள்ளடக்கிய தென் கந்தோ பகுதியில் அடுத்த 30 ஆண்டுகளுக்குள் ரிக்டர் 7 அளவிலான ஒன்று வர 70 சதவீத வாய்ப்பு இருப்பதாக அரசின் மதிப்பீடு சொல்கிறது. நீங்கள் ஐந்தாறு வருடம் இருக்கப்போகிறீர்கள் என்றால் இதை ஒதுக்கிவைக்க முடியாது.

2021 அக்டோபர் 7 இரவு 10.41 மணிக்குச் சிபா மாநிலத்தின் வடமேற்கில் 5.9 அளவில் ஒன்று வந்தது. டோக்கியோவின் கிழக்கே இருந்த எங்கள் வீட்டில் எதுவும் உடையவில்லை. ஆனால் லிஃப்ட் நின்றது, ரயில் நின்றது, கேஸ் நின்றது. கேஸை எப்படித் திரும்ப வரவைப்பது, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா இல்லையா, குழந்தைகளோடு எங்கே போக வேண்டும் என்ற எந்தக் கேள்விக்கும் ஓர் இடத்தில் பதில் கிடைக்கவில்லை. வார்டு அலுவலகம், வீட்டு ஏஜென்சி, இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று அலைந்துதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். எல்லாம் ஜப்பானிய மொழியில், ஆளுக்கொரு மூலையில் கிடந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஜப்பானியச் சொற்களை ஒலிப்படியே கொடுத்திருக்கிறேன். கவுன்டரில் அப்படியே சொல்லிக் கேட்கலாம்.

தொடங்குமுன் ஒன்று. இங்கே டிவியில் பெரிதாக வருவது ரிக்டர் எண் அல்ல, ஷிந்தோ. உங்கள் தெருவில் எவ்வளவு ஆடியது என்பதைச் சொல்லும் அளவு அது. 0 முதல் 7 வரை. 5-க்கும் 6-க்கும் மட்டும் 'கீழ்', 'மேல்' என்று இரண்டு படிகள். 4 வரை பயப்பட ஒன்றுமில்லை. 5 மேல் என்றால் அலமாரிச் சாமான் கீழே வரும். 6 மேல் என்றால் நிற்கவே முடியாது.

1. வீடு பார்க்கும்போது: கட்டடத்தின் வயது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பெரிய ஆட்டத்தில் உங்கள் உயிர் பிழைப்பது பெரும்பாலும் நீங்கள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே முடிவாகிவிடுகிறது.

1981 ஜூன் 1 என்ற தேதியை மனதில் வையுங்கள். அன்று முதல் கட்டட அனுமதி பெற்றவை 'ஷின்-தைஷின்', அதாவது புதிய நிலநடுக்கத் தரம். அதற்கு முன் அனுமதி பெற்றவை 'கியூ-தைஷின்'. புதிய தரத்தில் கட்டியது ஷிந்தோ 6 மேல், 7 அளவிலும் இடிந்து ஆள்மேல் விழக்கூடாது என்பது கணக்கு. விரிசல் விடலாம், பிறகு குடியிருக்க லாயக்கில்லாமல் போகலாம். உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் அதன் வாக்குறுதி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வீட்டு விளம்பரத்தில் போட்டிருப்பது கட்டி முடித்த மாதம். சட்டம் பார்ப்பது அனுமதி பெற்ற தேதி. 1982, 83-இல் முடித்த அடுக்குமாடி 1981 ஜூனுக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்கலாம். அந்த வருடங்களில் முடிந்த கட்டடம் என்றால் 'ஷின்-தைஷின் தெசு கா' என்று ஏஜென்சியிடம் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

மரவீடு அல்லது மரத்தாலான இரண்டு மாடி அபார்ட்மென்ட் என்றால் இன்னொரு தேதி முக்கியம்: 2000 ஜூன். மரக்கட்டடங்களின் இணைப்புகளுக்கும் சுவர் அமைப்புக்கும் விதிகள் அப்போதுதான் இறுகின. 2016-இல் குமமோட்டோவின் மஷிகி ஊரில் இரண்டு நாள் இடைவெளிக்குள் இரண்டு முறை ஷிந்தோ 7 ஆடியபோது, 1981-க்கும் 2000-க்கும் இடையில் கட்டிய மரவீடுகளிலும் இடிந்தவை உண்டு. 2000-க்குப் பிறகு கட்டியவற்றில் பெரும்பாலானவை தாங்கின.

பழைய கட்டடத்தில் வாடகை குறையும், அது கண்ணை இழுக்கும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஸ்டேஷனிலிருந்து இன்னும் பத்து நிமிடம் நடக்கிற வீட்டை எடுங்கள், ஓர் அறை குறைவான வீட்டை எடுங்கள்; கட்டட வயதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

2. கையெழுத்துக்கு முன்: நிலமும் ஆவணமும்

கட்டடம் நன்றாக இருந்தும் நிலம் கைவிட்டுவிடும். 2011 மார்ச்சில் டோக்கியோ டிஸ்னிலேண்ட் இருக்கும் உராயாசுவில் வீடுகள் இடியவில்லை. கடலை நிரப்பி எடுத்த மண் குழம்பாகி மேலே பொங்கியது, வீடுகள் சாய்ந்தன, குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போயின. தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷிகசாய் பக்கமும் தாழ்வான நிலம்தான். அங்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கடையும் பள்ளியும் நம் ஆட்களும் இருக்கும் இடம்; தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் 'ஹசார்தோ மப்பு' இணையதளத்தில் முகவரியைப் போட்டால் வெள்ளம், சுனாமி, மண்சரிவு எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் அடுக்கிப் பார்க்கலாம். டோக்கியோவுக்குள் என்றால் மாநகர அரசு ஒவ்வொரு 'சோமெ'வுக்கும், அதாவது ஒவ்வொரு தெருத்தொகுதிக்கும், கட்டடம் இடியும் ஆபத்துக்கும் தீ பரவும் ஆபத்துக்கும் தனித்தனியாக 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 5 என்றால் மிக மோசம். அரகாவா, அடாச்சி, சுமிதா வார்டுகளில் மரவீடுகள் நெருக்கியடித்து நிற்கும் சில பகுதிகள் அந்தப் பட்டியலின் உச்சியில் இருக்கின்றன. பக்கத்துத் தெருவே 2-ஆக இருக்கும். வார்டின் பெயரைப் பார்க்காதீர்கள், சோமெ எண்ணைப் பாருங்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் வீட்டுத் தரகில் உரிமம் பெற்ற ஒருவர், 'தக்கென்ஷி' என்பார்கள், 'ஜூயோ ஜிகோ செத்ஸுமெய்ஷோ' என்ற ஆவணத்தை உங்களுக்குப் படித்து விளக்க வேண்டும். சட்டப்படி கட்டாயம். மண்சரிவு எச்சரிக்கைப் பகுதியா, சுனாமி எச்சரிக்கைப் பகுதியா, வெள்ள வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது (2020 ஆகஸ்ட் முதல்), பழைய கட்டடம் என்றால் நிலநடுக்கப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். மண் குழம்பாகும் ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு இதை அரை மணி நேரத்தில் கடகடவென்று ஜப்பானிய மொழியில் வாசித்து முடித்தார்கள். வெள்ளம் பற்றிய பக்கம் வந்ததும் போனதும் தெரியவில்லை. ஆகவே இரண்டு மூன்று நாள் முன்பே பிடிஎஃப் அனுப்பச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படித்துவிட்டுக் கேள்விகளோடு உட்காருங்கள். அந்த ஆவணத்தின் படியைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த படியில் அதற்கு வேலை இருக்கிறது.

3. இன்ஷூரன்ஸ்: பலர் சறுக்கும் இடம்

வீடு எடுக்கும்போது ஏஜென்சி ஒரு தீக்காப்பீட்டை, 'காசாய் ஹோகென்', சேர்த்தே விற்கும். இரண்டு வருடத்துக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் யென் என்று பில்லில் ஒரு வரி வரும். எல்லாம் இதில் அடங்கிவிட்டது என்று நினைக்கிறோம். அடங்கவில்லை. நிலநடுக்கத்தால் பிடித்த தீயில் வீடு எரிந்தால்கூட இந்தக் காப்பீட்டில் இழப்பீடு வராது.

அதற்குத் தனியாக 'ஜிஷின் ஹோகென்', நிலநடுக்கக் காப்பீடு வேண்டும். அதைத் தனியாக வாங்க முடியாது, தீக்காப்பீட்டோடு ஒட்டித்தான் எடுக்க வேண்டும். இதில்தான் இரண்டாவது பொறி. ஏஜென்சி விற்கும் பாலிசி பல நேரம் 'ஷோகாகு தான்கி' வகை நிறுவனத்தினுடையது. சிறுதொகை, குறுகிய காலக் காப்பீடு. அதோடு ஜிஷின் ஹோகெனை ஒட்டவே முடியாது. எனவே கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பாலிசியோடு ஜிஷின் ஹோகென் சேர்க்க முடியுமா?" முடியாது என்றால், வேறு நிறுவனத்தில் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கு வேண்டியது அவருடைய சொத்துக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு. அது உங்கள் பாலிசியிலும் இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

செலவு நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. கட்டடம் வீட்டுக்காரருடையது, வாடகைக்காரரான நீங்கள் வீட்டுச் சாமானுக்கு மட்டும் எடுத்தால் போதும். நிலநடுக்கத்துக்கான தொகை, தீக்காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதம்தான் வைக்க முடியும். சாமானுக்கு 30 லட்சம் யென் தீக்காப்பீடு என்றால் நிலநடுக்கத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம். பிரீமியம் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். மாநிலத்தையும் கட்டட வகையையும் பொறுத்து மட்டுமே மாறும். 2022 அக்டோபரில் மாறிய கட்டணப்படி டோக்கியோவில் கான்கிரீட் கட்டடத்துக்கு 1 கோடி யென்னுக்கு வருடம் 27,500 யென், மரவீட்டுக்கு 41,100. அப்படியானால் உங்கள் 15 லட்சத்துக்குக் கான்கிரீட் கட்டடத்தில் வருடம் 4,125 யென். 1981 ஜூன் 1-க்குப் பின் கட்டியது என்று நிரூபித்தால் 10 சதவீதத் தள்ளுபடி. நிரூபிக்க ஏற்கும் ஆவணங்களில் ஒன்றுதான் மேலே சொன்ன ஜூயோ ஜிகோ செத்ஸுமெய்ஷோ.

இழப்பீடு நான்கு படிகளில் வரும். முழுச் சேதம் என்றால் 100 சதவீதம், பெரும் பாதிச் சேதம் 60, சிறு பாதிச் சேதம் 30, பகுதிச் சேதம் 5. ஒவ்வொரு தட்டுக்கும் டிவிக்கும் பில் காட்ட வேண்டியதில்லை. பாத்திரம், மின்சாதனம், மரச்சாமான், துணி என்று வகைவாரியாகப் பார்த்துச் சேத விகிதத்தைக் கணக்கிடுவார்கள். பணம், கார், 3 லட்சம் யென்னுக்கு மேல் மதிப்புள்ள ஒரே நகை ஆகியவை சேராது. தாலிக்கொடியும் வளையலும் ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஆட்டத்தின்போது திருடுபோனதும் சேராது.

கட்டிய பிரீமியத்துக்கு வருமான வரியில் கழிவு உண்டு, வருடத்துக்கு 50,000 யென் வரை. அக்டோபர், நவம்பர் வாக்கில் தபாலில் ஒரு சிறு சான்று வரும். விளம்பரத் தாள் மாதிரி இருக்கும், குப்பையில் போட்டுவிடாதீர்கள். வருடக் கடைசியில் கம்பெனி வரிக்கணக்கு கேட்கும்போது அதைக் கொடுக்க வேண்டும்.

4. குடிபோன முதல் இரண்டு வாரம்: வார்டு அலுவலகமும் போனும்

முகவரியை 14 நாளுக்குள் பதிய எப்படியும் 'குயாகுஷோ', அதாவது வார்டு அலுவலகம், போவீர்கள். அந்த ஒரே நடையில் பேரிடர்ப் பிரிவுக் கவுன்டருக்கும் போய்விடுங்கள். அங்கே பேரிடர் வரைபடம் கேட்டு வாங்குங்கள். இலவசம், பல வார்டுகளில் ஆங்கிலத்திலும் இருக்கும்.

வரைபடத்தில் இரண்டு வகை இடங்கள் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ஹினான் பாஷோ' என்பது தீயோ நெருக்கடியோ தணியும்வரை போய் நிற்கும் திறந்தவெளி. பெரிய பூங்கா, ஆற்றங்கரை. அங்கே உணவும் கூரையும் இருக்காது. 'ஹினான்ஜோ' என்பது வீடு போனவர்கள் தங்கும் இடம். பெரும்பாலும் அருகிலுள்ள அரசுப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். பெயர்ப்பலகையில் எந்தப் பேரிடருக்கு அந்த இடம் ஏற்றது என்று வட்டமும் பெருக்கல் குறியும் போட்டிருப்பார்கள். நிலநடுக்கத்துக்கு வட்டம், வெள்ளத்துக்குப் பெருக்கல் என்று இருக்கும் இடங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு ஒருமுறை நடந்தே போய்ப் பார்த்துவிடுங்கள்.

வீடு நிற்கிறது, தீ இல்லை என்றால் முகாமுக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்பதுதான் டோக்கியோவின் அறிவுரை. எல்லோருக்கும் அங்கே இடம் போதாது. அதனால்தான் 6-ஆம் படி இவ்வளவு முக்கியமாகிறது.

நிலநடுக்க எச்சரிக்கைக்குப் போனில் 'சேஃப்டி டிப்ஸ்' ஆப், என்எச்கே வேர்ல்டு ஆப் இரண்டையும் போடுங்கள். இரண்டும் இலவசம். தமிழ் இல்லை, ஆங்கிலம் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த போன் என்றால் அமைப்புகளில் அவசர எச்சரிக்கை இயங்குகிறதா என்று பாருங்கள். ஆட்டம் வருவதற்குச் சில விநாடிகள் முன் போன் அலறும் அந்தச் சத்தத்தை இணையத்தில் தேடி வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுங்கள். முதல் தடவை நள்ளிரவில் கேட்டால் பலர் என்னவென்று புரியாமல் போனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் ஆட்டம் வந்துவிடும்.

5. சாமான் விழாமல் பார்ப்பது

சமீபத்திய நிலநடுக்கங்களில் காயம்பட்டவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேர் சாமான் விழுந்தோ சரிந்தோ காயம்பட்டவர்கள் என்கிறது டோக்கியோ தீயணைப்புத் துறை. 1995-இல் கோபேயில் ஆடியது விடியற்காலை 5.46-க்கு; செத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் நசுங்கித்தான் செத்தார்கள். ஆகவே படுக்கும் அறையில் உயரமான அலமாரியே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால், விழுந்தாலும் தலைமாட்டிலோ கதவை மறித்தோ விழாத பக்கமாக வையுங்கள்.

சுவரில் திருகாணி அடித்து இரும்புப் பட்டையால் கட்டுவதுதான் உறுதி. ஆனால் வாடகை வீட்டில் ஓட்டை போட்டால் காலி செய்யும்போது 'ஷிகிகின்' அட்வான்ஸில் பிடிப்பார்கள். நிலநடுக்கத்துக்காக என்று சொல்லி முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள்; சிலர் சம்மதிக்கிறார்கள். இல்லையென்றால் கூரைக்கும் அலமாரிக்கும் நடுவே முட்டுக்கொடுக்கும் கம்பி, அடியில் ஒட்டும் ஜெல் பட்டை. கம்பி ஒரு ஜோடி சுமார் 2,000 முதல் 4,000 யென். அதைச் சுவரை ஒட்டிப் பின்பக்கம் பொருத்த வேண்டும், முன்பக்கம் அல்ல. கூரையைத் தட்டினால் உள்ளீடற்ற சத்தம் வந்தால் பலகை ஒன்றை இடையில் கொடுங்கள், இல்லாவிட்டால் கம்பி கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். இந்தச் சாதனங்களை இலவசமாகத் தரும், அல்லது மானியம் தரும் வார்டுகள் உண்டு. வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். வாங்கிவிட்டு விண்ணப்பித்தால் தராமல் போகலாம்.

நம் வீடுகளுக்கென்று சில: வெட் கிரைண்டர், இரும்புத் தோசைக்கல், ஊறுகாய் ஜாடி எல்லாம் மேல்தட்டில் இருந்தால் கீழே இறக்குங்கள். சாமி மாடத்தில் விளக்கு ஏற்றிவிட்டு வெளியே போகாதீர்கள், தூங்கவும் போகாதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பையில் செருப்போ ஷூவோ, டார்ச்சும் வையுங்கள். இருட்டில் கண்ணாடித் துண்டை மிதித்துக் காலை அறுத்துக்கொண்டால் ஒன்பது மாடி இறங்க முடியாது.

6. தண்ணீர், உணவு, கழிவறை

ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர். குறைந்தது 3 நாளுக்கு, முடிந்தால் ஒரு வாரத்துக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரம் என்றால் 84 லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில் 42. பாட்டில் சுமார் 100 யென். ஒரே நாளில் வாங்க வேண்டாம். வாரம் ஒரு பெட்டி வாங்கி, பழையதைப் பயன்படுத்திப் புதியதைப் பின்னால் அடுக்கிக்கொண்டே வாருங்கள்.

வாங்கும் நேரம் முக்கியம். 2024 ஆகஸ்ட் 8 அன்று மியசாகி கடலோரத்தில் 7.1 அளவில் ஆடியது. ஜப்பானின் பசிபிக் கரையோரக் கடலடியில் உள்ள நன்கை அகழிப் பகுதியில் பெருநிலநடுக்கத்துக்கான வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்று வானிலை ஆய்வு மையம் முதன்முறையாக அறிவித்தது. அடுத்த நாளே பல கடைகளில் தண்ணீர்ப் பாட்டில் காலி. எச்சரிக்கை வந்தபின் ஓடினால் கிடைக்காது.

கழிவறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீரைவிட இது அவசரம். ஆட்டத்துக்குப் பிறகு அடுக்குமாடியில் குழாய் சரியாக இருக்கிறது என்று நிர்வாகம் சொல்லும்வரை ஃபிளஷ் செய்யக்கூடாது. நடுவில் குழாய் உடைந்திருந்தால் நீங்கள் விடும் தண்ணீர் கீழ்வீட்டில் பொங்கும். உறைய வைக்கும் பொடியும் பையும் சேர்ந்த அவசரக் கழிவறைப் பொட்டலம் ஆளுக்கு நாளைக்கு 5 என்று கணக்கு. நாலு பேருக்கு ஒரு வாரம் என்றால் 140. சில ஆயிரம் யென் ஆகும், பத்து வருடத்துக்கு மேல் கெடாதவை கிடைக்கின்றன. வீட்டில் நீங்கள் செய்யும் செலவில் இதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை.

உணவில் நமக்குத் தனிச் சிக்கல் உண்டு. முகாமில் தருவது ஓனிகிரி என்ற சோற்று உருண்டை, ரொட்டி, கப் நூடுல்ஸ். சூப்பில் மீன் சாறு இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அதை நம்பி இருக்க முடியாது. 'ஆல்ஃபா மை' என்ற உலர்சோறு வெந்நீரில் 15 நிமிடத்தில், பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரத்தில் சோறாகிவிடும். வெறும் வெள்ளைச்சோறு வகையை வாங்குங்கள். அதோடு பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, ஒரு சிறு பாட்டில் நல்லெண்ணெய் இருந்தால் ஒரு வாரம் ஓட்டிவிடலாம். ஃப்ரிட்ஜில் இருக்கும் இட்லி மாவை மின்சாரம் போன முதல் நாளே தீர்த்துவிடுங்கள். அதற்குக் கேஸ் வேண்டுமே என்பீர்கள்: குப்பியில் எரியும் கையடுப்பு 3,000 முதல் 5,000 யென், ஒரு குப்பி முழுத் தீயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கைக்குழந்தை இருந்தால் கலக்கத் தேவையில்லாத திரவப் பால் மருந்துக்கடையில் கிடைக்கிறது.

பையில் ரொக்கமும் வையுங்கள். ஆயிரம் யென் நோட்டுகளும் நூறு, பத்து யென் காசுகளும். 2018 செப்டம்பர் 6 நிலநடுக்கத்தில் ஹொக்கைடோ முழுவதும் மின்சாரம் போனது. கார்டும் போன் பணமும் எங்கே செல்லும்? பவர்பேங்க், தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை, 'ஒகுசுரி தெச்சோ' என்ற மருந்துக் குறிப்பேடு, பாஸ்போர்ட், 'சாய்ரியூ கார்டு' (வெளிநாட்டினருக்கான வசிப்பிட அட்டை), பாலிசி இவற்றின் நகல்கள். அதே நகல்களைப் படமெடுத்து இணையச் சேமிப்பிலும் போடுங்கள்.

7. தொடர்புக்கு ஏற்பாடு

பெரிய ஆட்டத்தில் போன் லைன் அடைத்துக்கொள்ளும். அதற்காக 171 என்ற எண் இருக்கிறது. அழைத்து 1 அழுத்தினால் 30 விநாடி குரல் பதிவு, 2 அழுத்தினால் கேட்பது. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் ஒத்திகை பார்க்கலாம், குழந்தைகளையும் செய்ய வையுங்கள். இதன் இணைய வடிவம் 'வெப் 171'. அதை இந்தியாவிலிருந்தும் திறக்கலாம். அப்பா அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: டிவியில் ஜப்பான் நிலநடுக்கம் என்று காட்டினால் எங்களை மாறி மாறிக் கூப்பிட வேண்டாம், ஊரில் தம்பி ஒருவனிடம் மட்டும் தகவல் வரும், அவன் எல்லோருக்கும் சொல்வான் என்று.

பள்ளியில் குழந்தையைச் சேர்த்ததும் 'ஹிகிவதாஷி கார்டு' தருவார்கள். ஆட்டத்துக்குப் பின் குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற பட்டியல். அப்பா, அம்மா பெயரை மட்டும் எழுதினால் இருவரும் மாநகரின் மறுகோடியில் அலுவலகத்தில் இருக்கும் நாளில் குழந்தை பள்ளியிலேயே இருக்கும். நடந்து வரும் தூரத்தில் இருக்கும் நண்பர் ஒருவரின் பெயரைச் சம்மதம் கேட்டு எழுதுங்கள். டோக்கியோவில் நிறுவனங்கள் ஊழியர்களை உடனே வீட்டுக்குக் கிளப்பாமல் அலுவலகத்திலேயே தங்கவைக்க வேண்டும், 3 நாளுக்கான உணவும் தண்ணீரும் வைத்திருக்க வேண்டும் என்று 2013 முதல் விதி இருக்கிறது. அதாவது நீங்கள் அன்று இரவு வீட்டுக்கு வர முடியாமல் போகலாம் என்று எண்ணித்தான் இந்தக் கார்டை நிரப்ப வேண்டும்.

8. ஆடும்போது

இது சுருக்கம்தான். மேசைக்கடியில் போய்த் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைக்க ஓடாதீர்கள், கேஸ் மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும். வெளியே ஓடாதீர்கள், கண்ணாடியும் பலகையும் மேலிருந்து விழும். லிஃப்டில் இருந்தால் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்தி முதலில் நிற்கும் மாடியில் இறங்குங்கள். கடற்கரையில் இருந்தால் எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் உயரமான இடத்துக்குப் போங்கள். ஆட்டம் நின்றதும் வாசற்கதவைத் திறந்துவையுங்கள், சட்டம் கோணிக்கொண்டால் பிறகு திறக்காது. குமமோட்டோவில் முதல் ஆட்டம் ஏப்ரல் 14. அதைவிடப் பெரியது 16-ஆம் தேதி அதிகாலை வந்தது. விரிசல் விட்ட வீட்டில் அன்றிரவே தூங்கப் போகாதீர்கள்.

9. ஆட்டத்துக்குப் பிறகு: கேஸ், படம், சான்றிதழ்

கேஸ் மீட்டர் வாசலுக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு போட்ட சிறு அறைக்குள் இருக்கும். ஷிந்தோ 5 அளவில் ஆடினால் தானே நின்று சிவப்பு விளக்கு மின்னும். கேஸ் வாசனை வந்தால் எதையும் தொடாமல் வெளியே வந்து கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். வாசனை இல்லையென்றால் அடுப்பு, வெந்நீர்ச் சாதனம் எல்லாவற்றையும் மூடுங்கள். மீட்டரில் இருக்கும் கறுப்பு மூடியைத் திருகி எடுத்து உள்ளே உள்ள பொத்தானை நன்றாக அழுத்தி விடுங்கள். விளக்கு மறுபடி மின்னத் தொடங்கும். மூன்று நிமிடம் எதையும் திறக்காமல் காத்திருங்கள். மீட்டர் அந்த நேரத்தில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கிறது. விளக்கு அணைந்தால் கேஸ் வந்துவிட்டது. அந்த 2021 அக்டோபர் இரவில் எங்கள் மாடியில் பாதிப் பேர் இது தெரியாமல் கேஸ் கம்பெனியின் போன் கிடைக்கக் காத்திருந்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பினால் மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டுப் போங்கள். மின்சாரம் திரும்ப வரும்போது, சாய்ந்த ஹீட்டராலும் அறுந்த ஒயராலும் தீப்பிடிப்பது வழக்கம்.

சேதம் இருந்தால், துடைப்பத்தைக் கையில் எடுக்கும் முன் போனை எடுங்கள். வெளியே நாலு பக்கமும், உள்ளே ஒவ்வோர் அறையும், விரிசலைக் கிட்டப்போய் அளவு நாடாவோடும், உடைந்த சாமானை வகைவாரியாகவும் படம் எடுங்கள். சுத்தம் செய்தபின் சான்று கிடைக்காது.

பிறகு வார்டு அலுவலகத்தில் 'ரிசாய் ஷோமெய்ஷோ' கேட்டு விண்ணப்பியுங்கள். வீடு எவ்வளவு சேதமானது என்று அரசு தரும் சான்றிதழ், இலவசம். விண்ணப்பம், சாய்ரியூ கார்டு, படங்கள் போதும். வாடகைக்காரரும் விண்ணப்பிக்கலாம், வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். சேதம் 10 சதவீதத்துக்குள் என்று நீங்களே ஒப்புக்கொண்டால் பல இடங்களில் படத்தைப் பார்த்தே தந்துவிடுவார்கள். சீக்கிரம் கிடைக்கிறது என்று அவசரப்பட்டு அதற்குத் தலையாட்டாதீர்கள், 10-க்கு மேல் போனால்தான் உதவிகள் தொடங்கும். ஆய்வு முடிவில் திருப்தி இல்லையென்றால் மறு ஆய்வு கேட்கும் உரிமை உண்டு. கடைசித் தேதி ஊருக்கு ஊர் மாறும், முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும் பேரிடர்களில் வீடு முழுதும் போனவர்களுக்கு அரசின் வாழ்வாதார உதவி 30 லட்சம் யென் வரை உண்டு, தனி ஆளுக்கு அதில் நான்கில் மூன்று பங்கு. அடிப்படைத் தொகைக்கு 13 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முகவரிப் பதிவு உள்ள வெளிநாட்டினருக்கும் இது பொருந்தும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டும். வார்டு சொல்லும் சேத அளவும் கம்பெனி சொல்லும் அளவும் வேறுவேறு ஆய்வுகள். ஒன்றில் குறைந்தது என்பதற்காக மற்றதை விட்டுவிடாதீர்கள். இழப்பீடு கேட்க 3 வருடம் அவகாசம் உண்டு என்றாலும், ஆட்டம் நடந்து 10 நாள் கழித்து ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் வராது. படத்தில் தேதி தெரிவது இதற்குத்தான்.

சாய்ரியூ கார்டு தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்குங்கள். தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில், பாஸ்போர்ட்டும் ஒரு போட்டோவும் கொண்டுபோய் மறுகார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டும் போயிருந்தால் அதே போலீஸ் புகாரின் படியோடு டோக்கியோவில் உள்ள இந்தியத் தூதரகத்தையும் அணுகுங்கள். இரண்டிலும் பழைய எண்களைக் கேட்பார்கள். இணையச் சேமிப்பில் போட்டுவைத்த நகல் அங்கே கை கொடுக்கும்.